கைமாறும் இடத்தில் கையொப்பம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லும் கடல்மீன்களின் பிடிச் சான்றிதழ்களை அங்குள்ள இறக்குமதியாளர் 2026 ஜனவரி 10 முதல் ‘கெட்ச்’ என்னும் மின்னணு முறைமையின் வாயிலாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்றாகிவிட்டபின், வாழைச்சேனைத் துறைமுகத்துப் பலநாட் கலங்களையும் மீன் வாங்கும் வாடிகளையும் கொழும்புப் பதனிடும் சாலைகளையும் ஒரே சங்கிலியாகக் கொண்டு தொழில் புரியும் நாம் மௌனம் சாதிப்பது தகாது. இம்முறைமையை யாம் வரவேற்கிறோம். 2012 நவம்பரில் அவ்வொன்றியத்தின் மஞ்சள் அட்டை எச்சரிக்கை, 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை, 2016 ஜூனில் அதன் நீக்கம் என நாம் பட்ட பாட்டின்பின், லொக் புத்தகமும் கலன் கண்காணிப்புக் கருவியும் வேண்டாமென்பார் எவருமில்லை.

ஆயினும், மீன் எங்கே பிடிபட்டது என்று சொல்லும் சான்றிதழ், அது எங்கே கெட்டது என்று சொல்லாது. சூரையில், குளிர் குறைந்தால் விளையும் ஹிஸ்டமின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிற்றென்று ஆய்வுகூடம் அறிவிக்கும்போது, அத்தோஷம் படகின் ஐஸ் அறையில் விளைந்ததோ, இறங்குதுறை வெயிலில் விளைந்ததோ, பொலன்னறுவை வழியே இரவெல்லாம் ஓடிய லொறியில் விளைந்ததோ என்று பகுத்தறிய, ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடுத்த வெப்பநிலைக் குறிப்பே சாட்சி; அது இல்லாதவிடத்து, விலைக்குறைப்பானது ஏற்றுமதியாளரிடமிருந்து வாடிக்கும் வாடியிலிருந்து படகுக்குமாக இறங்கி, எதிர்த்துக் கேட்க ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவர்களின் தலையில் விடிகிறது. டீசலும் ஐஸும் சாப்பாடும் முதலிற் கழிந்து, மிச்சம் படகுக்காரருக்கும் தொழிலாளருக்கும் பாதிபாதியாகும் வழமையில், அந்நஷ்டத்தின் பாதி, வாரக்கணக்கிற் கடலிற் கிடந்து மீண்டவர்களின் பங்கிலிருந்தே போகிறது. லொறியில் ஐஸ் போதாமற்போனதற்குப் படகை நடத்தும் தண்டலும் அவரோடு போனவர்களும் அபராதம் கட்டுவது எந்த நியாயம்?

அதிகாரிகள் இதை அறியாதவர்களல்லர். லொக் புத்தகத்தில் ஒரு கட்டம் வெறுமையாயிருந்தால் தண்டலை நிறுத்தி விசாரிக்கும் உத்தியோகத்தர், அதே துறையில் மீனைப் பொறுப்பேற்கும் வியாபாரி எந்த வெப்பநிலையில் ஏற்றாரென்று எழுதியிருக்கிறாரா என எட்டிப் பார்த்ததை இத்தனை ஆண்டுகளில் யாம் கண்டதில்லை. ஏற்றுமதி தடைப்படுமெனில் பதறுகிறார்கள். பங்கு குறைந்தால் பதறுவாரில்லை.

அவர்களுக்காகக் காத்திராமல், படகுச் சொந்தக்காரரும் வாடி முதலாளிமாரும் அடுத்த பயணத்திலிருந்தே இதைத் தொடங்க வேண்டுகிறோம்: கடலில் ஐஸ் இட்ட குறிப்பு படகோடு வரட்டும், இறங்குதுறையில் மீனின் உள்வெப்பநிலையையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதித் தண்டலும் மீனை ஏற்பவரும் கையொப்பமிடட்டும். அக்கையொப்பத்துக்கு முன் விளைந்த நஷ்டம் படகினுடையது, பின் விளைந்தது ஏற்றவருடையது. துண்டின் ஒரு படி தண்டலிடம் இருக்கட்டும்.