கை புகாத இடத்துத் துரு

உப்புக் காற்றுக்கு ஓய்வு என்பதில்லை. தலைமன்னாரிலும் பேசாலையிலும், படகு கடலில் நின்றாலும் கரையில் கிடந்தாலும், அதன் இயந்திரத்தை அக்காற்று அரித்துக்கொண்டே இருக்கிறது. பலத்த காற்று வீசும் மாதங்களில் கரையேற்றி வைத்த வெளியிணைப்பு இயந்திரத்தை மீண்டும் இயக்க முயல்வோர் இதனை நன்கறிவர். கயிற்றை இழுத்தால் அசையாது. திருகாணியைத் திருப்பினால் சுழலாது. மூடியைத் திறந்தாலோ, விரல் நுழையாத மூலைகளிலெல்லாம் செம்பொடி படிந்திருக்கும். அதனை அகற்றும் வகைபற்றி இவ்வாரம் சில கூறுவோம்.

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு பிறக்கும். இவற்றுள் ஒன்று இல்லையேல் துருவும் இல்லை. உப்பு, நீரில் கரைந்து மின்னோட்டத்திற்கு வழிவிட்டு, அவ்வேலையை விரைவுபடுத்துகிறது. கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. துருவுக்கு இன்னொரு தீய குணமும் உண்டு. தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அது பிடித்துக்கொள்ளும். திருகாணி இறுகிப்போவது இதனாலேயே.

ஆதலால் இங்கே பலத்தை நம்புதல் தவறு. சுத்தியல் திருகாணியை முறிக்கும். மணற்கடதாசியின் துகள் உள்ளே விழுந்து நல்ல பகுதியையும் தேய்க்கும். கை புகாத இடத்துக்குத் திரவமே புகவேண்டும்; அதற்குக் காலமும் கொடுக்கவேண்டும்.

கழற்ற இயலாத பகுதியில், துருவினுள் ஊறும் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு வைத்திருத்தல் நன்று. மறுநாள் ஈர்க்கு நுனியில் துணி சுற்றித் துடைக்கலாம். சிறு துளைகளில் எண்ணெய் தோய்த்த நூலைச் செலுத்தி, இருபுறமும் மாறிமாறி இழுக்கலாம். பெற்றோல் ஊற்றிக் கழுவுதல் ஆகாது. அதன் ஆவி ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும்.

கழற்றக்கூடிய சிறு உருக்குத் துண்டுகளுக்கு அடுக்களை முறையே போதும். பித்தளை விளக்கைப் புளியால் துலக்கும் நம் பெண்கள் இதன் அடிப்படையை நெடுங்காலமாக அறிவர். தேசிக்காயின் புளிப்புக்குக் காரணமான சித்திரிக்கமிலம் தூளாகக் கிடைக்கிறது. ஒரு லீற்றர் வெந்நீரில் 50 கிராம் கரைத்து, துண்டுகளை மூழ்கவைத்து, மணிக்கு ஒருமுறை பார்த்துவரவேண்டும். மெல்லிய துரு சில மணி நேரத்தில் இளகிவிடும். பாத்திரத்தை இறுக மூடலாகாது. அமிலம் இரும்போடு சேரும்போது ஐதரசன் வாயு வெளிப்படும். வில்லுகளை இதில் இடவேண்டா. கடினமான உருக்கினுள் அவ்வாயு புகுந்தால் அது எளிதில் முறியும். அலுமினியப் பகுதிகளையும் விலக்குக. எடுத்தவுடன் அப்பச்சோடா கரைத்த நீரிலும், பின்னர் நன்னீரிலும் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசவேண்டும். பூசாது விட்டால் அன்றே மீண்டும் துரு தலைகாட்டும்.

வந்தபின் அகற்றுவதினும் வராமற் காத்தல் சிறந்தது. கடலிலிருந்து திரும்பியதும் நன்னீர் விட்டு இயந்திரத்தை அலசுக. அதன் நீரில் அமிழும் பகுதியில் நாகக் கட்டியொன்று பொருத்தப்பட்டிருக்கும். 1824 இல் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, கப்பலடியின் செப்புத் தகட்டைக் காக்க நாகத்தையும் இரும்பையும் இணைத்துக் காட்டினார். அதே தத்துவந்தான் இதுவும்: தான் கரைந்து தன் துணையைக் காப்பது. அதன்மேல் வர்ணம் பூசுவோர் அக்காவலை நீக்கிவிடுகின்றனர்.

இவை சிறு வேலைகளென்று எண்ணற்க. மன்னார்க் கடலில் 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வகுத்த எல்லைக்கோடு ஓடுகிறது. இயந்திரம் நின்ற படகுக்கு அக்கோடு தெரியாது. நீரோட்டம் இழுத்த திசையே அதன் திசை. அப்படகில் இருப்பவரை எதிர்பார்த்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மாணவர்களே, உங்கள் தந்தையாரின் இயந்திரத்துக்கு வாரம் ஒருமுறை துணியும் எண்ணெயும் எடுத்துக் கொடுங்கள். நீங்கள் கற்ற இரசாயனம் பயன்படும் இடம் அதுவே.