குட்டைச் சுருள்வில்லும் தடைச் சட்டமும்

வீட்டு வாசலில் காரை ஜாக்கியால் தூக்கி நிறுத்தி, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சுருள்வில்களைக் கழற்றிவிட்டு, அவற்றினும் குட்டையானவற்றை மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள் இந்திய நகரங்களில் அரியவர்கள் அல்லர். வண்டி பெரும்பாலும் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை தாழ்கிறது. அண்டை வீட்டாருக்கு அது அழகுப் பித்து. சாலையில் மறிக்கும் அதிகாரிக்கு விதிமீறல். மாட்டியவருக்கோ இயந்திரவியலில் கையால் கற்ற முதற்பாடம். இம்மூன்றில் எந்தப் பார்வை ஒரு குறிப்பிட்ட வண்டிக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்க இந்தியச் சட்டத்திடம் வழியில்லை. வண்டி மாறியிருக்கிறதா என்று கேட்கும் சட்டம், மாறிய வண்டி பாதுகாப்பானதா என்று கேட்பதில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. பதிவுச் சான்றிதழில் சக்கர அச்சுகளின் இடைத்தூரத்துக்கு இடமுண்டு, வெற்று எடைக்கு இடமுண்டு. தரை இடைவெளிக்கு இடமில்லை. ஆகவே சுருள்வில் மாற்றம் 52ஆம் பிரிவுக்குள் அடங்குமா என்பதே வாதத்துக்குரியது. ஆனால் அந்த வாதம் நீதிமன்றத்தில் நடப்பதில்லை. எதிரே நிற்கும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்துச் சாலையோரத்திலேயே முடிந்துவிடுகிறது.

சட்டத்தின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள சுருள்வில்லை 100 மில்லிமீட்டர் அமுக்கினால் அதில் 125 ஜூல் ஆற்றல் சேர்கிறது. ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல் ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது ஈடு. ஸ்பிரிங் கம்ப்ரஸரின் கொக்கி ஒருபுறம் நழுவினால் அந்த ஆற்றல் முழுவதும் அருகில் இருப்பவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பி, தாங்கி வைக்காமல் வண்டிக்கடியில் கை நீட்டுவதும் அத்தகைய அபாயமே. ரப்பர் புஷ்கள் கொண்ட போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையிறங்கியதும் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பின்னரே அவற்றை இறுதியாக இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் சக்கரங்களின் சாய்வையும் திசையையும் அலைன்மென்ட் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் டயர்கள் ஒருபக்கமாகத் தேயும்.

கிடைக்கும் பயனும் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால், வளைவில் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் சுமார் 5 விழுக்காடு குறையும். அவ்வளவுதான். இன்றைய சிறிய கார்களின் முன்புறத்தில் பரவலாக உள்ள மெக்ஃபர்சன் அமைப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ, அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கும். எனவே விறைப்பைக் கூட்டாமல் தாழ்த்தப்படும் கார் முன்னைவிட அதிகமாகவே சாயக்கூடும்.

இந்தியச் சாலையின் கணக்கு இன்னும் சுவையானது. 165 மில்லிமீட்டர் தரை இடைவெளியுள்ள காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 135 எஞ்சும். ஐவரும் பயணப் பெட்டிகளும் ஏறினால் மேலும் முப்பது நாற்பது மில்லிமீட்டர் இறங்கி, ஏறக்குறைய 100 ஆகும். இந்திய சாலைப் பேரவையின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறும் வேகத்தடையின் உயரமும் 100 மில்லிமீட்டர்தான். அப்படியானால் உரசல் உறுதி என்று தோன்றும். உண்மையில் அவ்வாறு இல்லை. அந்த வழிகாட்டுதலின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 17 மீட்டர் ஆரமும் உள்ள மென்மையான வளைவு. 2.6 மீட்டர் அச்சு இடைத்தூரமுள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் அந்த மேட்டின் மீதே நிற்கும். சக்கரங்கள் நிற்கும் மட்டத்துக்கு மேல் நடு முகடு 50 மில்லிமீட்டர் மட்டுமே உயர்ந்திருக்கும். விதிப்படி கட்டிய மேட்டைத் தாழ்ந்த கார் எளிதாகக் கடந்துவிடும். வயிற்றில் உரசுவது தெருவுக்குத் தெரு எந்த அளவுக்கும் கட்டுப்படாமல் எழுப்பப்படும் குறுகிய செங்குத்து மேடு. அதைக் கட்டியவரைக் கேட்க எந்த அதிகாரியும் வருவதில்லை. அதில் உரசியவரைக் கேட்க மட்டும் வருகிறார்.

ஒட்டுமொத்தத் தடையின் உண்மையான தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட கார் வகைக்கென்று கணக்கிட்டு உருவாக்கி, பொருத்தமான ஷாக் அப்சார்பருடன் விற்கப்படும் சுருள்வில் ஒன்று. பழைய சுருள்வில்லையே கட்டிங் மெஷினால் ஒன்றரைச் சுற்று அறுத்து மாட்டுவது மற்றொன்று. அறுத்த வில்லின் விறைப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் அதன் முனை இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் கணத்தில் இடம் பெயர்ந்துவிடக்கூடும். இரண்டாமவருக்கு ஏறத்தாழச் செலவே இல்லை; முதலாமவர் பல்லாயிரம் ரூபாய் செலவிடுகிறார். இருவருக்கும் சட்டம் ஒரே தண்டனையை வைத்திருந்தால், நல்லதைத் தேர்ந்தெடுக்க யாருக்கு ஊக்கம் வரும்? மாற்றத்தை மறைப்பவர் காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைக்கிறார். விபத்து நேர்ந்தால் அதன் சுமை எதிரே வந்த மூன்றாமவர் தலையிலும் விழுகிறது.

மாற்று வழி இச்சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கருவியைப் பொருத்திக்கொள்ள 52ஆம் பிரிவே நிபந்தனையுடன் அனுமதி தருகிறது. அழுத்தமேற்றிய வாயுக் கலனைப் பின்புறப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடும் வண்டியைச் சோதித்துப் பதிவேட்டில் குறிக்க இயலுமெனில், சுருள்வில்லைச் சோதிக்க இயலாது என்பது ஏற்கத்தக்க வாதமன்று. எரிபொருள் மாற்றத்தில் பொதுநலன் உண்டு, இதில் தனிநபர் விருப்பமே உண்டு என்பர். தனிநபர் விருப்பம் என்பதனாலேயே ஒன்று குற்றமாகிவிடாது. பிறருக்குத் தீங்கு நேருமா என்பதுதான் அளவுகோல். ஜெர்மனியில் சுருள்வில் தயாரிப்பாளர் ஒவ்வொரு கார் வகைக்கும் சோதனை அறிக்கை பெறுகிறார். உரிமையாளர் தம் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். பின்னர் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் பார்த்து உறுதி செய்தபின் மாற்றம் வாகன ஆவணத்தில் ஏறுகிறது.

இந்தியக் கல்லூரி வளாகங்களுக்கும் இம்முறை புதிதன்று. பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா, ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளில் மாணவர்கள் தாமே வடிவமைத்த சஸ்பென்ஷனுடன் வண்டி ஓட்டுகிறார்கள். களமிறங்கும் முன் ஆய்வாளர் ஒவ்வொரு பாகத்தையும் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார். தேறாத வண்டி ஓடாது. அங்கே பாராட்டப்படும் அறிவு, அதே மாணவர் வீட்டுக்குத் திரும்பித் தந்தையின் காரைத் தொட்டதும் குற்றமாகிவிடுகிறது. தானியங்கி வாகனச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021இல் வந்துவிட்டன. பிரேக்கையும் முகப்பு விளக்கையும் சஸ்பென்ஷனையும் இயந்திரத்தால் அளக்கும் அந்த நிலையங்களில், கட்டணம் பெற்றுக்கொண்டு, மாற்றிய வண்டியையும் அளந்து சான்று தரலாம். அறுத்த சுருள்வில்லுடன் வருபவரைத் திருப்பி அனுப்பலாம். அப்போது 5,000 ரூபாய் அபராதம், சோதனைக்கு வர மறுத்தவருக்கு மட்டும் உரியதாகும்.