படித்தோர் உரைக்கும் பாயிரம்

அச்சகத்தை விட்டு வெளியேறிய அன்றே ஒரு நூல் பிறந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. அன்று பிறந்தது வெறும் தாள்கட்டே. ஒருவர் அதைப் படித்து முடித்து, அடுத்தவரிடம் அதைப் பற்றி நான்கு சொல் சொல்லும்போதுதான் நூல் உயிர்பெற்று நடக்கத் தொடங்குகிறது. செய்யுளுக்கு இசையும் நெட்டுருவும் துணை நிற்கும். இலக்கணத்துக்குப் பள்ளியும் தேர்வும் துணை நிற்கும். புதினத்துக்கோ படித்தவர் நாவைத் தவிர வேறு துணை இல்லை. அந்த நா, தமிழ்மேல் பற்றுடையோரிடையே அடங்கிக் கிடக்கிறது. இது சிறு குறையன்று. தமிழ்ப் புதினத்தின் வளர்ச்சியையே தடுக்கும் குறை.

கிழமை இதழ்களின் தொடர்கதைகளைப் படித்தோர் இவ்வாறு வாய் மூடி இருக்கவில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட திண்ணைகள் பல. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்தோர் தம் மக்களுக்கு அரவிந்தன், பூரணி என்று கதைமாந்தர் பெயர்களையே சூட்டினர். அப்பெயர்கள் தமிழா என்னும் வினா ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கதை, படித்தவர் வீட்டுத் தொட்டில்வரை சென்று சேர்ந்தது எதனால்? அதை விரும்பியோர் தம் விருப்பத்தை மறைக்காமல் வீட்டிலும் அலுவலகத்திலும் தொடர்வண்டியிலும் பேசித் தீர்த்தனர், அதனால்தான்.

தனித்தமிழ் அன்பரிடையே உள்ள நிலை வேறு. 'சிலம்பும் மேகலையும் இருக்கப் புதினம் எதற்கு?' என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். எழுதுகோலும் கையுமாக அமர்ந்து, முதற் பத்துப் பக்கங்களில் வடசொற்களை எண்ணி, தொகை மிகுந்தால் நூலை மூடிவிடுவோர் மற்றொரு சாரார். 'நல்ல தமிழில் எழுதப்பெற்றுள்ளது. அனைவரும் வாங்கிப் பயன்பெறுக' என்னும் ஒரே வரியைப் பத்து நூல்களுக்கும் எழுதிக் கொடுப்போர் மூன்றாம் சாரார். முதல்வர் படிப்பதே இல்லை. இரண்டாமவர் படித்து முடிப்பதில்லை. மூன்றாமவர் படித்தாரா என்பதே தெரிவதில்லை. இம்மூவராலும் தமிழுக்கு விளைவது இழப்பே.

இத்தனைக்கும் ஒரு நூலைப் பிறருக்கு எடுத்துரைக்கும் முறையைத் தமிழர் எங்கிருந்தும் கடன் பெற வேண்டியதில்லை. பாயிரம் என்னும் பெயரால் அம்முறை வகுக்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஆயின. நூலைச் செய்தவர் யார், எதன் வழியில் வந்தது, எவ்வெல்லைக்குள் வழங்குவது, பெயர் யாது, எவ்வாறு யாக்கப்பட்டது, எதைப் பற்றிப் பேசுவது, யார் கேட்பதற்குரியது, கேட்டவர் பெறும் பயன் யாது என்னும் எட்டையும் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். தன்னைத் தான் புகழ்தல் தகாது. ஆகலின் அப்பாயிரத்தைப் பிறரே செய்ய வேண்டும் என்றும், அதற்கு உரியோருள் உடன் கற்றவனும் ஒருவன் என்றும் பவணந்தியார் வரையறுத்தார். 'உடன் கற்றவன்' என்பது ஓர்ந்து நோக்கத்தக்கது. ஒரு புதினத்தைப் படித்த ஒவ்வொருவரும் மற்றவர்க்கு உடன் கற்றவரே. அவர் சொல்லும் நான்கு சொல்லே அப்புதினத்தின் பாயிரம்.

இவ்வெட்டினுள் ஒன்றேனும் பொருந்தாமல் போவதில்லை. மறைமலையடிகளின் 'குமுதவல்லி நாகநாட்டரசி'யைப் புகழ்பவர், அஃது இரெயினால்ட்சு என்னும் ஆங்கிலக் கதையாசிரியரின் நூலைத் தழுவியது என்பதையும் உடன் சொல்ல வேண்டும், அது 'வழி'. இராசம் கிருட்டிணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைப் பற்றியது என்று சொன்னால், கேட்பவர்க்கு நூலின் களம் விளங்கிவிடும், அஃது 'எல்லை'. எட்டினுள்ளும் மிகுதியாக மறக்கப்படுவது 'கேட்போர்' என்பதே. பதினான்கு அகவை மாணவனுக்கும் அறுபது அகவை ஓய்வாளர்க்கும் ஒரே புதினத்தைப் பரிந்துரைப்பவர் புதினத்தை அறிந்திருக்கலாம், இருவரையும் அறியாதவர்.

பாயிரம் சொல்வார் இல்லாமல் ஒரு புதினம் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்குப் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' சான்று. சிங்கம்புணரியில் பிறந்து, இளமையிலேயே கடல் கடந்து இந்தோனேசியா சென்று உழைத்து, பின்னர் மதுரையில் நாளிதழ்ப் பணியாற்றியவர் அவர். எழுதிய புதினங்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் நூலாயின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த தமிழரின் வாழ்வு, செட்டியார்களின் கொடுக்கல் வாங்கல் கடைகள், சப்பானியர் ஆட்சி, இந்தியத் தேசியப் படை ஆகியவற்றைப் பாண்டியன் என்னும் இளைஞன் வழியே காட்டும் நூல் அது. கடல் கடந்த தமிழரின் போர்க்கால வாழ்வை இவ்வளவு விரிவாகக் கூறும் புதினம் தமிழில் அரிது. எனினும் வெளிவந்த காலத்தில் அதைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. கிழமை இதழ் எதுவும் அதைத் தொடராக வெளியிட்டுப் பரப்பவில்லை. தமிழியக்கத்தாரும் அதைத் தமதாகக் கொள்ளவில்லை. பின்னர் ஒருவர் படித்து மற்றொருவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, அப்புதினம் மெல்ல எழுந்து, இன்று தமிழின் சிறந்த புதினங்களை எண்ணுவோர் விடாமல் எண்ணும் நூலாயிற்று. 1997இல் மறைந்த அதன் ஆசிரியர் மூன்றாம் புதினம் எழுதவே இல்லை.

தமிழியக்கத்தார் அந்நூலைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் தேடினால் இரண்டு கிடைக்கும். ஒன்று, அதன் மொழி. மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் வடசொல்லும் அதில் கலந்தே வரும். மற்றொன்று, பழம்பெருமை பேசியே பொழுது கழிக்கும் தமிழரை அது எள்ளி நகையாடுகிறது. சொல்லை எண்ணுவோர்க்கு முதற் காரணமே போதும். புகழ்ச்சியை மட்டும் விரும்புவோர்க்கு இரண்டாவது போதும். ஆனால் தமிழரைச் சுடும் சொல்லைத் தமிழ்மேல் உள்ள அன்பால் ஒருவர் சொல்லும்போது, அதை முதலில் எடுத்துப் படித்துப் பிறர்க்கும் கொடுக்க வேண்டியவர் தமிழ்ப்பற்றாளர் அல்லரோ? 'மொழிக்கலப்பு உண்டு, ஆயினும் இதைப் படியாமல் இருத்தல் ஆகாது' என்று சொல்வதில் கொள்கைக்கு இழுக்கு ஏதும் இல்லை. கலப்பைக் கலப்பு என்றே சொல்வது கொள்கை. கலப்பு உண்டென்பதற்காக நூலையே மறைப்பது கொள்கையாகாது.

வட்டார வழக்கு பற்றிய செய்தியும் இத்தகையதே. வழக்குமொழியில் எழுதிய புதினம் என்றாலே கொச்சை என்று தள்ளும் பழக்கம் புலவரிடையே உண்டு. 'கெடுத்துச் சொன்ன சொல்' வேறு, 'ஊரில் காத்துவைத்த சொல்' வேறு என்னும் பகுப்பு அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அகரமுதலிகளில் ஏறாத தூய தமிழ்ச்சொற்கள் சிற்றூர் உழவரிடமும் தொழிலாளரிடமும் வழங்குகின்றன என்பதை வலியுறுத்தியவர் பாவாணரே. கரிசற் காட்டின் கதைகளை எழுதி 2021இல் மறைந்த கி. இராசநாராயணன், அவ்வட்டாரச் சொற்களைத் தொகுத்துத் தனி அகராதியே வெளியிட்டார். அத்தகைய புதினம் ஒன்றைப் படித்தவர், அதில் கண்ட பத்து நற்சொற்களைக் குறித்துவைத்து நண்பர்க்குச் சொல்வாராயின், அது புதினத்துக்கும் பாயிரமாகும், மொழிக்கும் வருவாயாகும்.

இனித் தனித்தமிழ்ப் புதினத்துக்கு வருவோர், கசப்பான உண்மை ஒன்றை எதிர்கொள்ள வேண்டும். தனித்தமிழில் பாட்டும் கட்டுரையும் பெருகிய அளவுக்குப் புதினம் பெருகவில்லை. இயக்கத்தைத் தொடங்கிய அடிகளே 'கோகிலாம்பாள் கடிதங்கள்' எழுதி வழி காட்டினார். நல்ல தமிழில் எழுதிய மு. வரதராசனாரின் புதினங்கள் மணவிழாப் பரிசாகக் கைம்மாறிப் பல்லாயிரம் வீடுகளில் புகுந்தன. அவரது 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அக்காதெமியின் பரிசும் பெற்றது. அவ்வழி அகன்று பெருவழி ஆகாததற்கு எழுதுவோரை மட்டும் குறை கூறுவது முறையன்று. வயலில் நாற்று நடும் பெண்ணும் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவனும் மேடைப் புலவரைப் போலவே பேசினால், 'இவ்விடத்தில் கதை நின்றுவிட்டது' என்று எழுதியவரிடம் சொல்வார் வேண்டும். கொள்கை ஒன்றாயிற்றே என்று அதைச் சொல்லாமல் விழுங்கி, வாழ்த்துரை மட்டும் வழங்கினால், அவருடைய இரண்டாம் புதினமும் முதற் புதினத்தைப் போலவே அமையும். மூன்றாவதை வாங்குவார் இரார். பகைவர் பழிப்பால் அழிந்த தனித்தமிழ் நூல்களைக் காட்டிலும், அன்பரின் பொய்ப்புகழ்ச்சியால் அழிந்தவை மிகுதி.

ஒருவரிடத்துள்ள நலனையும் குறையையும் ஒருங்கே ஆராய்ந்து, அவற்றுள் மிகுந்ததைக் கொண்டு அவரை மதிப்பிடுமாறு வள்ளுவர் கூறியது ஆளைத் தெரிவதற்கு. நூலைத் தெரிவதற்கும் அதுவே அளவுகோல். அதங்கோட்டாசான் குற்றங்களை எடுத்து வினவத் தொல்காப்பியர் விடையிறுத்த பின்னரே தொல்காப்பியம் அரங்கேறியது என்பது மரபு. தொல்காப்பியர்க்கே வினவுவார் தேவைப்பட்டார் எனின், இன்று புதினம் எழுதுவோர்க்குத் தேவைப்படுவதில் வியப்பென்ன?

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 'ஒவ்வொரு படிப்பாளர்க்கும் அவர்க்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய படிப்பாளர்' என்னும் கருத்துகளைத் தம் ஐந்து நெறிகளுள் வைத்து 1931இல் உலகுக்கு வழங்கியவர் சீர்காழியில் பிறந்த இரங்கநாதன். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டியிலேயே நூலகம் ஊர்தோறும் சென்றது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தபின், வீட்டுவரியோடு நூலகத்துக்கென ஒரு பங்கும் பெறப்படுகிறது. நூல் வைப்பதற்கு இடமும் ஏற்பாடும் உள்ளன. நூலையும் அதற்குரியவரையும் கூட்டிவைக்கும் நாவே இல்லை. கிளைநூலகத்தில் திங்களுக்கு ஒருமுறை பத்துப் பேர் கூடட்டும். ஒவ்வொருவரும் தாம் முழுதும் படித்த ஒரு புதினத்தைப் பற்றி எட்டுச் செய்திகளையும் சொல்லட்டும். நிறையை முதலிலும் குறையைப் பின்னரும் சொல்லட்டும். மொழியைப் பற்றிய மதிப்பீட்டை மறையாமல் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் நூலை அருகில் இருப்பவர் கையில் கொடுக்கட்டும். நல்ல புதினம் ஒன்றைக் கண்டால் அதன் ஆசிரியர்க்கு ஒரு மடல் எழுதட்டும். விருதைவிட அம்மடலே அவரை அடுத்த நூலுக்கு அமர்த்தும்.

நூலை வாங்கி அடுக்கில் பூட்டிவைப்பவர் விதைநெல்லைக் குதிரில் பூட்டியவரை ஒப்பர். நெல் கெடாது, விளைவும் இராது. நல்ல தமிழில் நல்ல புதினம் இல்லையே என்று மேடைதோறும் வருந்துவோர், இருக்கும் நல்லதை முதலில் அடுத்தவரிடம் சொல்லிப் பழகட்டும். கேட்பார் பெருகினால் எழுதுவார் பெருகுவர்.