முதற் பெடலும் முந்நூறு டொலர் மூடநம்பிக்கையும்

மின்கிற்றார் பழகத் தொடங்கிய பிள்ளையொன்று, நாலைந்து கோர்ட்டுகளைத் தட்டுத்தடுமாறி வாசிக்கக் கற்றுக்கொண்டதும் அடுத்ததாகக் கேட்பது ஓர் ஓவர்ட்ரைவ் அல்லது டிஸ்ரோர்ஷன் பெடல். நியாயமான ஆசைதான். ரொக் இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் கரகரப்பு இல்லாத கிற்றார் உப்பில்லாத கூழ். ஆனால் அந்த ஆசையைச் சுற்றி இன்று எழுப்பப்பட்டிருக்கும் வியாபாரப் புராணத்தைக் காணும்போது எனக்குச் சினம் மூள்கிறது. எந்த ஆண்டில் செய்த ஐ.சி., எந்த நாட்டில் பூட்டிய பெட்டி, ஜேர்மேனியம் டயோட்டா சிலிக்கன் டயோட்டா என்று பதினாறு வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் ஆராய்கிறான். தன் அறையின் மூலையில் இருக்கும் அம்ப்ளிபயர் எத்தகையது என்பதை மட்டும் அவன் ஆராய்வதில்லை. சொல்லவேண்டியவர்கள் அவனுக்குச் சொல்வதுமில்லை. சொன்னால் விற்பனை குறையும்.

இந்தப் பெட்டிகள் செய்யும் வேலையில் மந்திரம் எதுவும் கிடையாது. கம்பியின் அதிர்வு சிறியதொரு மின்னலையாக வருகிறது. பெட்டி அதனைப் பெருக்கி, ஒரு மட்டத்துக்கு மேல் எழும் முகடுகளை வெட்டிவிடுகிறது. வெட்டுண்ட அலையில், மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. நாம் கேட்கும் கரகரப்பு அதுவே. முகடு மெல்ல வளைந்து மழுங்கினால் ஓவர்ட்ரைவ் என்கிறோம்; கத்தியால் நறுக்கியதுபோல் தட்டையானால் டிஸ்ரோர்ஷன். ஏறத்தாழச் சதுர அலையாகவே ஆகிவிட்டால் அது ஃபஸ். ஐபனெஸ் நிறுவனத்தின் ரியூப் ஸ்கிறீமரில் டயோட்டுகள் பெருக்கும் சுற்றின் பின்னூட்டப் பாதையில் இருப்பதால் வெட்டு மென்மையாகிறது. பொஸ் டி.எஸ்.-1, புரோ கோ றாட் போன்றவற்றில் பெருக்கிய பின்னர் டயோட்டுகள் நிலத்துடன் இணைக்கப்பட்டிருப்பதால் வெட்டு கூர்மையாகிறது. உள்ளே இருப்பவை சில டயோட், ஒன்றிரண்டு ஐ.சி. அல்லது ட்ரான்சிஸ்ரர், ஒரு பிடி தடையும் மின்தேக்கியும்.

இந்த ஒலியின் வரலாறோ பழுதான பொருட்களின் வரலாறு. 1951 இல் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'றொக்கற் 88' பதிவானபோது, ஐக் ரேணரின் குழுவினர் கொண்டுவந்த அம்ப்ளிபயர் வழியில் சேதமடைந்திருந்தது. எப்படிச் சேதமடைந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. கிழிந்த ஸ்பீக்கருக்குள் தாளைத் திணித்து வாசித்தார்கள். அந்த உறுமல் பிடித்துப்போயிற்று. 1961 இல் வெளிவந்த மார்ட்டி றொபின்ஸின் 'டோன்ற் வொறி' பாடலில், நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்து மிக்ஸர் மேசையின் பழுதான ஒரு பாதையால் கிரேடி மார்ட்டினின் வாசிப்பு கரகரத்தது. அந்தப் பழுதை ஒரு பெட்டிக்குள் அடைத்துத்தான் 1962 இல் கிப்சன் நிறுவனம் 'மேஸ்ரோ ஃபஸ் ரோன்' என்று விற்றது. 1964 இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சிறிய அம்ப்ளிபயரின் ஸ்பீக்கரை சவர அலகால் கீறினார். இவர்களில் எவரும் விமர்சனங்களை வாசித்துப் பொருள் தேடியவர்கள் அல்லர். கையில் இருந்ததைக்கொண்டு வாசித்தவர்கள்.

இலங்கையில் எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது கொழும்பிலே நான் அறிந்த இளைஞர்கள் சிலர், பழைய வால்வு வானொலியின் கிராமபோன் துவாரத்தில் கிற்றாரைச் செருகி வாசித்தார்கள். ஒலிக்கட்டுப்பாட்டை முழுவதும் திருப்பினால் அந்த வானொலி கதறும். அந்தக் கதறலுக்கு ஓவர்ட்ரைவ் என்று பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. (அத்தகைய வானொலிகள் சிலவற்றின் உலோகச் சட்டத்தில் மின்சாரம் பாயும், எவரும் இன்று முயன்று பார்க்கவேண்டாம்.) பொஸ் நிறுவனம் ஓ.டி.-1 என்னும் தன் முதல் ஓவர்ட்ரைவ் பெடலை வெளியிட்டது 1977 இல். இலங்கையின் இறக்குமதிக் கதவு திறந்ததும் அதே ஆண்டின் பிற்பகுதியில்தான்.

இனி இன்றைய புராணத்துக்கு வருவோம். ரியூப் ஸ்கிறீமரின் ரி.எஸ். 808 என்ற வடிவம் எழுபதுகளின் இறுதியில் வந்தது. ரி.எஸ். 9 என்ற வடிவம் 1982 இல் வந்தது. பழைய 808 ஒன்றுக்காகச் சேகரிப்பாளர்கள் கொட்டும் பணத்தைக் கண்டால் மலைப்பு வரும். இரண்டுக்கும் சுற்றில் உள்ள முக்கிய வேறுபாடு, வெளியீட்டு முனையில் உள்ள இரண்டு தடைகளின் பெறுமானம். இரண்டு தடைகள்! இலத்திரனியல் கடையில் சில சதங்களுக்கு அள்ளிக் கொடுக்கும் பொருள். அடுத்ததாக, ஜே.ஆர்.சி. 4558 என்ற ஐ.சி. இல்லாவிட்டால் உண்மையான ஒலி வராது என்று சத்தியம் செய்வார்கள். அது பொதுப் பாவனைக்கென்று செய்த மலிவான ஐ.சி. என்பதை அதே மூச்சில் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இதனையும் விஞ்சியது க்ளொன் சென்ரோர். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில் ஃபினெகன் 1994 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கையால் செய்து விற்ற பெடல் அது. மொத்தம் சுமார் 8000 தான் செய்தார். உள்ளிருக்கும் சுற்றை எவரும் பார்த்துப் பிரதிசெய்யாதிருக்கக் கறுப்புப் பசையால் மூடிவிட்டார். நல்ல பெடல்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று பழையது ஒன்று கைமாறும் விலையில் நல்ல கிற்றார், நல்ல அம்ப்ளிபயர் இரண்டையும் வாங்கி ஓராண்டுக்கு ஆசிரியருக்குச் சம்பளமும் கொடுக்கலாம். இதிலுள்ள வேடிக்கை, அதைச் செய்தவருக்கே இந்தக் கூத்து சகிக்கவில்லை என்பது. 2012 இல் தான் வெளியிட்ட கே.ரி.ஆர். என்ற அடுத்த பெடலின் மேலேயே, இந்த அபத்தமான ஆரவாரம் தன்னால் உண்டாக்கப்பட்டதல்ல என்று பொருள்படும் வாசகத்தைப் பொறித்துவிட்டார். பக்தர்கள் அதையும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

யார் உண்டாக்கினார்கள் இந்த ஆரவாரத்தை? என் தொழிலைச் சேர்ந்தவர்களின் பங்கு இதில் பெரிது. பத்திரிகையில் விளம்பரமொன்று செய்தியின் உருவில் வந்தால் அதன் தலையில் 'விளம்பரம்' என்று அச்சிடவேண்டும் என்பது எமக்கு முதல் வாரத்திலேயே கற்பிக்கப்பட்ட பாடம். நான் இசைப்பக்கம் பார்த்துவந்த காலத்தில் ஒரு வர்த்தக நிறுவனம், தான் இறக்குமதி செய்த ஒலிச்சாதனத்துடன் அதைப் பற்றிய 'விமர்சனத்தையும்' தட்டச்சு செய்தே அனுப்பியிருந்தது. கீழே என் பெயரைப் போடவேண்டியது மட்டுமே மிச்சம். இரண்டையும் திருப்பி அனுப்பினோம். மூன்று மாதம் அந்த நிறுவனத்தின் விளம்பரம் எமக்கு வரவில்லை. இன்று அந்தக் கோடு அழிந்துவிட்டது. பெடலை இலவசமாகப் பெற்றவர் காணொளி செய்கிறார். காணொளியின் கீழே உள்ள இணைப்பால் வாங்கினால் அவருக்குத் தரகு கிடைக்கிறது. அதைப் பொடி எழுத்தில் ஒப்புக்கொள்பவர்கள் யோக்கியர்கள். எத்தனை விமர்சனத்தில் 'இதனை வாங்கவேண்டாம், உங்களிடம் இருப்பதே போதும்' என்ற வாக்கியத்தைக் கண்டிருக்கிறீர்கள்?

அந்தக் காணொளிகளில் இன்னொரு மறைப்பும் உண்டு. விலையுயர்ந்த வால்வு அம்ப்ளிபயர், நல்ல மைக், இருபது ஆண்டு பழகிய விரல்கள். நாம் கேட்பதில் பெரும்பங்கு இவற்றின் ஒலி. பெடலின் பெயர் மட்டும் தலைப்பில் நிற்கும்.

என் சகோதரியின் மகன் ஸ்காபரோவில் தொடர்மாடி வீடொன்றில் வசிப்பவன். கோடை விடுமுறையில் வேலைசெய்து சேர்த்த பணத்தில், எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று ரியூப் ஸ்கிறீமர் வாங்கினான். அவனிடம் இருந்தது எட்டங்குல ஸ்பீக்கர் கொண்ட ட்ரான்சிஸ்ரர் அம்ப்ளிபயர். அயலவருக்கு அஞ்சி அதை மெல்லிய ஒலியில்தான் வைப்பான். பெடலை அழுத்தினால் மூக்கால் பாடுவதுபோல் மெலிந்த ஒலி. தன் விரலில் குறை என்று ஒரு மாதம் வருந்தினான். பின்னர், தான் வாங்கியது மலிவான வடிவம், அதைவிட மூன்று மடங்கு விலையான 'உண்மையான' வடிவத்தை வாங்கவேண்டும் என்று முடிவுசெய்து எனக்குத் தொலைபேசியில் சொன்னான்.

அவன் விரலிலும் குறையில்லை, பெட்டியிலும் குறையில்லை. ரியூப் ஸ்கிறீமர் வெட்டுவதற்கு முன்னரே ஏறத்தாழ 720 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைத்துவிடுகிறது. நடுத்தர ஒலி மேலெழுகிறது. ஏற்கெனவே உச்சத்தில் உறுமிக்கொண்டிருக்கும் வால்வு அம்ப்ளிபயருக்கு முன்னால் இதை வைத்தால், கொழகொழவென்ற கீழொலி இறுகி, தனி வாசிப்பு குழுவின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். ஸ்ரீவி ரே வோன் பயன்படுத்தியது அப்படித்தான். அவருடைய அம்ப்ளிபயர்கள் மண்டபத்தையே அதிரவைக்கும் அளவில் வைக்கப்பட்டவை. அந்தப் பெட்டி அம்ப்ளிபயரின் உறுமலைச் சீர்செய்யப் பொருத்தமானது. உறுமலே இல்லாத அம்ப்ளிபயரின் முன் அது என்ன செய்யும்? அவனை ஒரு நண்பர் வீட்டு வால்வு அம்ப்ளிபயரில் அதே பெடலைச் செருகிப் பார்க்கச் சொன்னேன். அன்றே விளங்கிக்கொண்டான். பின்னர் அதைக் கொடுத்துவிட்டுப் பாவித்த றாட் ஒன்றை வாங்கினான்.

ஆகவே 'ஓவர்ட்ரைவா டிஸ்ரோர்ஷனா' என்ற கேள்விக்கான விடையை அம்ப்ளிபயரிடம்தான் கேட்கவேண்டும். வால்வு அம்ப்ளிபயர் இருந்து, அதைச் சற்று உரத்து வைக்கும் வசதியும் இருந்தால் ஓவர்ட்ரைவ். 1981 முதல் விற்பனையில் உள்ள மஞ்சள் நிற பொஸ் எஸ்.டி.-1 போதுமானது. தெளிந்த ஒலி மட்டும் தரும் ட்ரான்சிஸ்ரர் அம்ப்ளிபயர், மெல்லிய ஒலியில் வாசிக்கவேண்டிய வீடு என்றால், கரகரப்பு முழுவதையும் தானே உண்டாக்கும் டிஸ்ரோர்ஷன் பெடல்: 1978 முதல் வரும் செம்மஞ்சள் டி.எஸ்.-1, அல்லது றாட். முன்னையதை நிர்வாணா குழுவின் கேர்ட் கோபேனும் பயன்படுத்தினார், ஜோ சட்ரியானியும் பயன்படுத்தினார். ஒரே மலிவான பெட்டியிலிருந்து இவ்விருவரும் பெற்ற ஒலிகளுக்கிடையே உள்ள தூரத்தை, மகிமையெல்லாம் பெட்டியில் என்று வாதிடுபவர்கள் விளக்கட்டும். இனி, அம்ப்ளிபயரிலேயே கரகரப்புக்குத் தனி வழி இருந்தால், அல்லது பல பெடல்களின் ஒலியைத் தன்னுள் கொண்ட இக்காலத்து டிஜிற்றல் வகையாக அது இருந்தால், முதற் பெடலை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். ஆறு மாதம் அதனுடன் வாசியுங்கள். கணினியில் நேராகச் செருகி வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிற்றார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை இயல்பாகவே விழுங்கிவிடும். அந்த ஸ்பீக்கரைப் போலச் செய்யும் மென்பொருள் இடையில் இல்லாவிட்டால், எத்தனை டொலர் பெடலும் போத்தலில் அடைத்த குளவியாகத்தான் ஒலிக்கும்.

மலிவானதை வாங்கினால் விரைவில் பழுதாகும் என்பார்கள். பிளாஸ்ரிக் பெட்டிகளைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. காலால் மிதிப்பதற்கான பொருள் இரும்பாக இருப்பது நல்லது. ஆனால் டி.எஸ்.-1, எஸ்.டி.-1 இரண்டும் கனத்த உலோகப் பெட்டிகள். இரண்டில் எதுவும் நூறு அமெரிக்க டொலருக்குள் புதிதாகவே கிடைக்கும். பாவித்தது அதற்கும் குறைவு. யப்பானில் செய்த பழையதுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது சேகரிப்பாளரின் நோய். வாசிக்கப் பழகுபவருக்கு அது தொற்றவேண்டியதில்லை.

நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த எமக்கு இந்த ஒலி அவ்வளவு அந்நியமானதுமல்ல என்பது என் எண்ணம். அதுவும் மேற்சுரங்கள் செறிந்து, மண்டபத்தை நிறைத்து நீளும் நாதந்தானே. முகடு வெட்டப்படும்போது ஒலியின் ஏற்றத்தாழ்வு குறைந்து சுரம் நீண்டு நிற்கிறது. சாதாரண கிற்றாரில் கம்பியை வளைத்துக் கமகம் முயல்பவர்களுக்கு, வளைத்து முடிப்பதற்குள் சுரம் இறந்துவிடும் தொல்லை தெரியும். ஓர் ஓவர்ட்ரைவ் அதற்குப் பெரிய உதவி. ஆனால் கோர்ட்டின் எல்லாச் சுரங்களையும் ஒன்றாக மீட்டினால் சேறாகிவிடும். ச, ப இரண்டை மட்டும் சேர்த்து மீட்டுங்கள், தெளிவாக நிற்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிற்றாரைக் கொண்டுபோங்கள். உங்கள் அம்ப்ளிபயர் எது என்று சொல்லி அதே வகையில் கேளுங்கள். விற்பனையாளர் பெடலை அழுத்தும்போது ஒலி கூடுகிறதா என்று கவனியுங்கள். உரத்த ஒலி எப்போதும் சிறந்த ஒலியாகவே காதுக்குத் தோன்றும், அது வியாபாரிகளுக்கு நன்கு தெரியும். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே அளவில் ஒலிக்குமாறு லெவல் குமிழைத் திருப்பிவிட்டு, அதன் பிறகு ஒப்பிடுங்கள். பற்றரியில் இயக்குவதென்றால் வாசித்து முடிந்ததும் உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது செருகியிருக்கும் வரை பற்றரி வடிந்துகொண்டே இருக்கும். மிஞ்சும் பணத்துக்கு இரண்டு செற் கம்பியும் ஒரு நல்ல கேபிளும் வாங்குங்கள். ட்ரூ பைபாஸ் இல்லாத பெடல் ஒலியைக் கெடுக்கும் என்று கடையில் ஒருவர் நிச்சயம் தொடங்குவார். ஒரேயொரு பெடலும் பத்தடிக் கேபிளும் வைத்திருப்பவருக்கு அந்த விவாதத்தில் எந்த அலுவலும் இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.