கல் சொல்லும் சாட்சி

"முப்பது கோடி வருஷத்துக்கு முன் பூமியை எது நெருக்கிற்று என்று சொல்கிறவர்கள் அன்று கூட இருந்து பார்த்தார்களா?" என்று சிலர் கேலியாய்க் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும், நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் திருட்டுப் போன வீட்டில் காலடி பார்க்கிறவனும் திருட்டைக் கண்ணால் கண்டவனல்லவே!

வட அமெரிக்காவின் கிழக்கிலுள்ள அப்பலாச்சியன் மலைத்தொடர், சுமார் 30 கோடி வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்கா வந்து மோதியதில் முற்றாக எழும்பியது. அதற்கு மேற்கே பல நூறு மைல் தள்ளி, மடிப்பு ஏதுமின்றிச் சமமாய்க் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லை மெல்லிய வில்லையாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அதிலுள்ள கால்சைட் மணிகளில் நேர் வரிகள் தெரிகின்றன. உரிய பக்கமாகச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ வீதம் தள்ளினாலே மணி உள்ளுக்குள் சாய்ந்து இவ்வரி விழுந்துவிடும். எப்படி நின்ற மணி சாய்ந்தது, எது தப்பியது என்று ஒவ்வொன்றாய் அளந்தால், நெருக்கம் வந்த திசை அகப்படுகிறது. அது மலைத்தொடருக்குக் குறுக்காகவே இருக்கிறது!

பாறை பிளந்து நகர்ந்த இடங்களில் உராய்ந்த கீறல்கள் உண்டு. பல பிளவுகளின் கீறல்களுக்கும் பொருந்தும் ஒரே நெருக்கத்தைக் கணக்கிட்டறியும் முறையை 1974-இல் கேரே, புருனியே என்ற பிரெஞ்சு அறிஞர்கள் வெளியிட்டார்கள்.

கீறல் மட்டும் திசையைச் சொல்லுமேயன்றி நெருக்கத்தின் அளவைச் சொல்லாது. பாறை பிற்பாடு திரும்பியிருந்தால் திசையும் பிசகும். இக்குறைகளை அம்முறையைக் கையாளுகிறவர்களே எழுதி வைக்கிறார்கள். நமக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வருவதே அதனால்தான். ஐயமுள்ளவர் அதே கல்லில் இன்னொரு வில்லை தேய்த்து அளந்து பார்க்கலாம்.