மேனிக்கு அஞ்சுவதா? கண்ணைக் காப்பதா?

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் தோழியரே, நம்மில் பலர் வெயிலுக்கு அஞ்சுவது மேனி கறுத்துவிடுமே என்பதற்காகத்தான். இது வேண்டாத அச்சம். வேண்டிய அச்சம் வேறு உண்டு என்பதே என் கருத்து.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. ஊதா நிறத்துக்கு அப்பாலும் வெள்ளிக் குளோரைடு கறுப்பதைக் கண்டு, 1801ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் இவற்றைக் கண்டுபிடித்தார். இவற்றில் பெரும்பகுதியை வானிலுள்ள ஓசோன் தடுத்துவிடுகிறது. நம் கொடைக்கானலில் இருந்த டாப்சன் கருவி, இரண்டு புற ஊதா அலைநீளங்களின் ஒளியை ஒப்பிட்டே ஓசோனின் அளவைக் கணக்கிட்டது.

எஞ்சி வரும் கதிர்கள் நம் தோலில் வைட்டமின் டி உண்டாக உதவுகின்றன. அளவு மீறினாலோ, உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன, கண்புரைக்கும் ஒரு காரணமாகின்றன. செடிகள்கூட இலையின் மேல்தோலில் காப்புப் பொருளைச் சேர்த்துக்கொள்கின்றன. நமக்கோ மெலனின் என்ற நிறமி உண்டு. கறுப்பு குறையன்று, இறைவன் விரித்த குடை! ஆயினும் கண்ணின் வில்லையை அக்குடை முழுமையாகக் காப்பதில்லை.

இக்கதிர்களின் வலிமையைச் சொல்லப் புற ஊதாக் குறியீடு என்ற அளவு உண்டு. குறியீடு 3 ஆனால் காப்பு தேவை. 11 ஆனால் மிகக் கடுமை. கருவி இல்லையே என்று கவலை வேண்டாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகினால் கதிர் வலிமையாக உள்ளது என்று பொருள். கூரத்தில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் உச்சிப்பொழுதில் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடுகிறதே!

அந்த வேளையிலும் வயலில் களை பறிப்பவர்கள் நம் தாய்மார்கள். "கூலிக்குப் போகிறவர் நிழல் பார்த்து நிற்க முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விடியலில் தொடங்கி உச்சிக்கு முன் கரையேறலாம். தலையில் சுற்றிய துணி கண்ணுக்கு நிழல் தராது. விளிம்பு அகன்ற ஓலைத் தொப்பி தரும்.

ஆகவே, பள்ளி முற்றத்தில் ஒரு கோல் நடுவோம். அதன் நிழல் கோலைவிடக் குறுகும் நேரத்தில் அணிவகுப்பும் விளையாட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வோம். முகப்பூச்சுக்குச் செலவிடும் காசில் அன்னைக்கு ஒரு தொப்பி வாங்கித் தருவோம். சூரியனைச் சகோதரன் என்று போற்றினார் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். சகோதரனிடம் அன்பும் வேண்டும். அளவும் வேண்டும் அல்லவா?