ஆடிட்டர் ஆகணும்னா அப்பா சம்பாதிக்கணுமா?



சி.ஏ. படிப்புக்கு டொனேஷன் கிடையாது, மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது, பரீட்சையில் ஜெயிச்சவன் ஆடிட்டர். இப்படித்தான் காலம் காலமாக நம்மிடம் சொல்லி வருகிறார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி பரீட்சை ஹாலுக்கு வெளியே இருக்கிறது. அதற்குப் பெயர் ஆர்ட்டிகிள்ஷிப்.

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். இன்டர்மீடியட் தேர்வில் இரண்டு குரூப்பும் தேறிய பிறகு, ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருடம் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும். முன்பு மூன்று வருடம் இருந்தது. 2023 ஜூலை 1-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாகக் குறைத்தார்கள். அந்த இரண்டு வருடத்தை முடிக்காமல் யாரும் ஆடிட்டர் ஆக முடியாது. அந்த இன்டர் தேர்வும் லேசுப்பட்டதில்லை. 2024 மே மாதம் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியது 18 சதவீதம் பேர்தான். அப்படி வடிகட்டி வந்த பிள்ளைக்கு, முதல் வருடம் கட்டாயம் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச ஸ்டைபண்ட் எவ்வளவு தெரியுமா?

20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள சென்னை மாதிரி ஊரில் மாதம் 4,000 ரூபாய். கோவை, மதுரை, திருச்சி மாதிரி ஊர்களில் 3,000. கரூர், கும்பகோணம், காரைக்குடி போன்ற ஊர்களில் 2,000. இதுவே இரட்டிப்பாக்கிய பிறகு வந்த தொகைங்க! சில வருஷம் முன்னாடி வரைக்கும் சென்னையிலேயே முதல் வருடத்துக்கு 1,000 ரூபாய்தான் விதி.

மாதம் 25 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் சென்னையில் ஒரு நாளைக்கு 160 ரூபாய், கும்பகோணத்தில் 80 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கூலியே பத்தாது என்று நாம் போராடிக்கொண்டிருக்கிறோம். அதில் நாலில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு நம் பிள்ளை கம்பெனிக் கணக்கைச் சரிபார்க்கிறது.

"பயிற்சிதானே, சம்பளம் எப்படிக் கேட்கலாம்?" என்பார்கள். சரி, பயிற்சியோடேயே ஒப்பிடுவோம். அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. அதன் விதிகளை 2019-ல் திருத்தியபோது ஐந்தாம் வகுப்பு படித்த அப்ரண்டிஸுக்கே மாதம் 5,000 என்று வைத்தார்கள். பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000. அதுவும் குறைந்தபட்சம்தான். ஐந்தாம் வகுப்பு அப்ரண்டிஸுக்கு ஒன்றிய அரசு போட்ட தரையைவிடக் கீழே, பி.காமும் முடித்து சி.ஏ. இன்டரும் தேறியவரை உட்கார வைத்திருக்கிறார்கள். இது என்ன கணக்கு? கணக்கே தொழிலாக வைத்திருப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

இந்தப் பிள்ளைகள் சும்மா வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்கிறார்களா? எந்த ஆடிட் ஆபீசுக்காவது மாதம் 20-ஆம் தேதி போய்ப் பாருங்கள். ஜி.எஸ்.டி. 3பி கடைசி நாள். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பது யார்? மார்ச் 31 அன்று குடோனில் தூசிக்கு நடுவே சரக்கை எண்ணுவது யார்? ஏப்ரல் வெயிலில் பேங்க் கிளை ஆடிட்டுக்கு ஊர் ஊராகப் பஸ் ஏறுவது, செப்டம்பர் 30-க்கு டாக்ஸ் ஆடிட் முடிக்க ராத்திரி வரை வவுச்சரில் டிக் அடிப்பது யார்? இந்த உழைப்புக்கெல்லாம் கிளையன்டிடம் பில் போகிறது. வாரத்துக்கு 35 மணி நேரம்தான் என்று ஐ.சி.ஏ.ஐ. விதி சொல்கிறது. அந்த விதி சீசன் சமயத்தில் எத்தனை ஆபீசில் உயிரோடு இருக்கிறது என்று உங்கள் தெருவில் ஆர்ட்டிகிள் போகிற பிள்ளையையே கேளுங்கள்.

பெரிய நிறுவனங்கள் இதைவிட நிறையக் கொடுக்கின்றன. மறுக்கவில்லை. அங்கே இடம் கிடைப்பது யாருக்கு? நல்ல இங்கிலீஷ், பெரிய காலேஜ், தெரிந்த ஆள், சென்னையில் சொந்த வீடு. பேராவூரணியிலிருந்து வருகிற பெண் என்ன செய்வாள்? சென்னையில் மூன்று பேர் பங்கு போடும் ரூமில் ஒரு கட்டில், மூணு வேளை சாப்பாடு, பஸ் செலவு, ஃபைனல் கோச்சிங். இதெல்லாம் 4,000-த்தில் அடங்குமா? அடங்காது. மீதியை அப்பா அனுப்பவேண்டும். அனுப்ப முடியாத அப்பா, "போதும்மா, பேங்க் பரீட்சை எழுது" என்பார். அந்தப் பெண் தோற்றது எந்தத் தேர்விலும் இல்லை. இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

"நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டு வந்தோம்" என்று மூத்த ஆடிட்டர்கள் சொல்வதுண்டு. ஐயா, அதற்கும் முந்தைய காலத்தில் ஆர்ட்டிகிள் சேர ஆடிட்டருக்கு மாணவன்தான் பிரீமியம் கட்டினான். அந்த வழக்கத்தை ஒழித்தார்களா இல்லையா? ஒழித்ததால் தொழில் அழிந்துவிட்டதா?

சின்ன ஊரில் தனியாக ஆபீஸ் நடத்தும் ஆடிட்டரின் கஷ்டம் நமக்கும் தெரியும். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தால் ஐநூறு ரூபாய்க்கே பேரம் பேசுகிற கிளையன்டை வைத்துக்கொண்டு அவர் 9,000 எங்கிருந்து கொடுப்பார்? நியாயமான கேள்வி. பதிலும் ஒன்றிய அரசிடமே இருக்கிறது. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஸ்டைபண்டில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கிறது. அதைச் சிறிய ஆடிட் ஆபீசுகளுக்கும் விரித்துக் கொடுங்கள். சிறு ஆடிட்டருக்கும் சுமை குறையும், பிள்ளைக்கும் சோறு கிடைக்கும்.

இது ஏதோ ஒரு சங்கத்தின் உள் விவகாரம் என்று ஒன்றிய அரசு கைகழுவ முடியாது. ஐ.சி.ஏ.ஐ. 1949-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான அமைப்பு. அதன் கவுன்சில் எழுதும் ஒழுங்குமுறைகளுக்கு ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். 2,000 என்ற எண்ணுக்கும் அந்த ஒப்புதல் முத்திரை உண்டு.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஆர்ட்டிகிள் ஸ்டைபண்டின் குறைந்தபட்சம் அப்ரண்டிஸ் விதிகளில் பட்டதாரிக்கு உள்ள தொகைக்குக் கீழே போகக்கூடாது. அங்கே உயர்ந்தால் இங்கேயும் தானாக உயரவேண்டும். மக்கள்தொகையை வைத்து ஊருக்கு ஒரு விலை போடுவதை நிறுத்தவேண்டும். கரூரில் இருக்கிற பாலன்ஸ் ஷீட் சென்னையில் இருப்பதைவிடச் சுலபமா என்ன?

இப்போது ஆர்ட்டிகிளில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்டைபண்ட் அக்கவுண்ட் பேயீ செக்காகவோ வங்கிக் கணக்கிலோதான் வரவேண்டும் என்பது விதி. கணக்கில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பி வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உங்களுக்கு அது நடந்தால் தேதியையும் தொகையையும் குறித்து வையுங்கள், பேங்க் ஸ்டேட்மென்டைப் பத்திரப்படுத்துங்கள். 108-ஆம் படிவத்தில் பிரின்சிபலின் கையெழுத்து வேண்டுமே என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது எங்களுக்குப் புரிகிறது. அதனால் கமென்டில் யார் பெயரையும் ஆபீஸ் பெயரையும் போடாதீர்கள். இந்தப் பக்கத்தின் இன்பாக்ஸுக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது. மனுவை எங்கள் வழக்கறிஞர் அணி எழுதிக் கொடுக்கும்.

#ஆர்ட்டிகிள்_ஸ்டைபண்டை_உயர்த்து